தட்டிவிட்டால் ஓடும் எஞ்சின்

பொம்மை ரயில் வைத்திருக்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கைவைத்தியம் உண்டு. எஞ்சின் நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்றுவிடும். விரலால் லேசாகத் தள்ளினால் போதும், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். மோட்டார் கெடவில்லை, டிரான்ஸ்ஃபார்மரும் சரியாகத்தான் இருக்கிறது. தண்டவாளம்வரை வந்த மின்சாரம் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். டார்ச் லைட்டிலும் ரேடியோவிலும் நாம் பார்த்துப் பழகிய அதே லூஸ் கான்டாக்ட். ஆனால் டார்ச் லைட் ஒரே இடத்தில் இருக்கிறது. எஞ்சினோ உருண்டுகொண்டே மின்சாரத்தை எடுத்தாக வேண்டும்.

நிஜ நீராவி எஞ்சினுக்கு இந்தக் கவலை கிடையாது. அதற்கு வேண்டிய கரியும் தண்ணீரும் பின்னால் இணைத்த டெண்டர் பெட்டியிலேயே வந்துவிடும். அதைக் குட்டியாகச் செய்து மின்சாரத்தில் ஓட்டப் புகுந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. இந்த நூறு ஆண்டுகளில் பொம்மை எஞ்சினின் மோட்டார் மாறிவிட்டது, உடம்பு தகரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு வந்துவிட்டது, உள்ளே ஒரு மூளைகூட ஏறிவிட்டது. சக்கரம் தண்டவாளத்தைத் தொடுகிற அந்தச் சின்ன இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய எஞ்சினைப் பழுதுபார்க்க உட்காருகிறவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இன்று பலர் எதிர்முனையிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் இதைப் பெரிய பிரச்சினையாக யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை, வேறு பிரச்சினைகள் பெரிதாக இருந்தன. பிரிட்டனில் ஹார்ன்பி நிறுவனம் 1925-இல் கொண்டுவந்த மெட்ரோபாலிட்டன் மின்ரயில், வீட்டு மின்சாரத்திலேயே ஓடியது. வழியில் ஒரு பல்பைத் தடையாக வைத்து மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். பிள்ளைகள் கைவைக்கும் தண்டவாளத்தில் அது எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு குறைந்த வோல்ட்டுக்கு வந்தார்கள். உயிருக்குப் பாதுகாப்பு வந்தது, ஆனால் கான்டாக்ட் பிரச்சினைக்கும் அதுவே வாசல் திறந்தது. உயர்ந்த வோல்ட் மெல்லிய அழுக்குப் படலத்தைத் துளைத்துக்கொண்டு பாய்ந்துவிடும். 12 வோல்ட்டுக்கு அந்த வலு கிடையாது.

அதற்கு அன்று ஒரு நல்ல மாற்று இருந்தது: மூன்றாவது தண்டவாளம். அமெரிக்காவில் லயனல் நிறுவனம் 1906-லேயே அந்த வழிக்குப் போய்விட்டது. லிவர்பூல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையில் 1938-இல் பிறந்த ஹார்ன்பியின் டப்ளோ வரிசையும் அதையே எடுத்துக்கொண்டது. இரண்டு ஓரத் தண்டவாளங்களுக்கு நடுவே இன்னொன்று ஓடும். எஞ்சினின் வயிற்றுக்கடியில் ஸ்பிரிங் வைத்த சறுக்குத் தகடு அந்த நடுத் தண்டவாளத்தை உரசிக்கொண்டே போகும். மின்சாரம் அதன் வழியே ஏறி, சக்கரங்கள் வழியே இறங்கும். இரு ஓரத் தண்டவாளங்களும் ஒரே துருவம் என்பதால் சக்கரங்களுக்கு நடுவே எந்தக் காப்பும் தேவையில்லை. எல்லாச் சக்கரமும் உலோகம், எல்லாமே ஒரே வேலை. அதில் ஒன்றிரண்டு அழுக்காக இருந்தாலும் மற்றவை பார்த்துக்கொள்ளும். சறுக்குத் தகடோ ஓடும்போதே உரசி உரசித் தன்னைத் தானே துலக்கிக்கொள்ளும். எண்பது வருடப் பழைய டப்ளோ எஞ்சினை இன்று எடுத்து எண்ணெய் போட்டு வைத்தால் தயங்காமல் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

பார்வைக்கு அது உறுத்தியது என்பது உண்மை. நீராவி எஞ்சின் ஓடும் எந்தச் சாதாரணப் பாதையில் மூன்று தண்டவாளம் இருக்கிறது? ஜெர்மனியின் கோப்பிங்கன் ஊரைச் சேர்ந்த மேர்க்லின் நிறுவனம் அதற்கு அழகான வழி கண்டது. நடுத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, ஸ்லீப்பர் கட்டைகளின் நடுவே கண்ணுக்குப் படாத சின்னச் சின்னக் குமிழ்களை வைத்தது. எஞ்சினுக்கடியில் உள்ள நீண்ட சறுக்குத் தகடு ஒரு குமிழை விடுவதற்குள் அடுத்ததைத் தொட்டுவிடும். இன்றும் அவர்கள் அதை விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

பிரிட்டனில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1950 கிறிஸ்துமஸுக்கு மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கடைகளில் ரோவெக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் உடம்புள்ள பிரின்சஸ் எலிசபெத் எஞ்சின் விற்பனைக்கு வந்தது. இரண்டே தண்டவாளம், 12 வோல்ட். அடுத்த ஆண்டே லைன்ஸ் பிரதர்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கி, டிரையாங் என்ற பெயரில் மார்கேட் நகரில் பெரிய தொழிலாக வளர்த்தது. விலை மலிவு, பார்வைக்கு நிஜப் பாதை மாதிரி. டப்ளோ 1959-இல்தான் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. 1964-இல் அதையும் லைன்ஸ் பிரதர்ஸே வாங்கிவிட்டது.

இரண்டு தண்டவாளம் என்றால் ஒன்று பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். சக்கரங்களை உலோக அச்சு நேராக இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் ஒரு பக்கத்துச் சக்கரங்களை அச்சிலிருந்து பிளாஸ்டிக் புஷ் வைத்துப் பிரித்தார்கள். பிரிக்காத பக்கத்தின் மின்சாரம் அச்சு வழியாக வார்ப்புச் சட்டத்துக்கும் அங்கிருந்து மோட்டாருக்கும் போகும். பிரித்த பக்கத்தில், சக்கரத்தை உரசிக்கொண்டு நிற்கும் மெல்லிய செம்புத் தகடுதான் மின்சாரத்தை எடுத்துத் தர வேண்டும். இதைத்தான் பிக்கப் என்கிறார்கள். நடுவில் ஓடிய அந்தத் தடித்த சறுக்குத் தகட்டின் வேலை முழுவதும் நகக்கீற்று அகலமுள்ள இந்தத் தகட்டின் தலையில் விழுந்தது.

அதையும் மோசம் என்று சொல்ல மாட்டேன். டிரையாங்கின் எக்ஸ்ஓ4 மோட்டாரைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காந்தம், சுருள், கம்யூட்டேட்டர், இரண்டு கார்பன் பிரஷ், அவற்றை அழுத்திப் பிடிக்கும் ஒரு கம்பி ஸ்பிரிங். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், ஸ்க்ரூடிரைவரே போதும். பாகங்களைப் பிரித்துப் படமாக வரைந்து எண் போட்ட சர்வீஸ் தாள்களை நிறுவனமே அச்சிட்டது. மூலைக்கு மூலை இருந்த பொம்மைக் கடைகளில் சர்வீஸ் செய்கிறவர் ஒருவர் இருப்பார், அந்தத் தாளைப் பார்த்து பிரஷ்ஷோ ஸ்பிரிங்கோ எடுத்துப் போடுவார். ஒரு பொருளைச் செய்கிறபோதே அது பழுதாகும், யாரோ ஒருவர் அதைத் திறப்பார் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு.

சோதனைக் காலம் 1970, 80-களில் வந்தது. எஞ்சின் உடம்பை நுணுக்கமாகச் செய்ய வேண்டும், ஓட்டுநர் அறையை மோட்டார் அடைக்கக் கூடாது, செலவும் குறைய வேண்டும் என்று மோட்டாரை டெண்டருக்குள் கொண்டுபோனார்கள். அதாவது எஞ்சின் இழுப்பதில்லை, பின்னாலிருக்கும் டெண்டர் தள்ளுகிறது. மின்சாரமும் பங்கு பிரிந்தது: ஒரு தண்டவாளத்திலிருந்து எஞ்சின் சக்கரங்கள் எடுக்கும், மற்றதிலிருந்து டெண்டர் சக்கரங்கள் எடுக்கும். இதில் இரண்டு பலவீனங்கள். வழுக்காமலிருக்க டெண்டர் சக்கரங்கள் சிலவற்றில் ரப்பர் வளையம் மாட்டினார்கள், ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. அடுத்தது, எஞ்சின் எடுத்த மின்சாரம் டெண்டருக்குப் போக வேண்டிய வழி. பல மாதிரிகளில் இரண்டையும் கோக்கும் இழுவைத் தகடும் அதன் ஆணியும்தான் அந்த வழி. வளைவுகளில் அசைந்து, குலுங்கி, நாளாக நாளாகத் தேய்ந்துபோகும் ஓர் இணைப்பை மின்சாரத்துக்குப் பாலமாக வைத்திருக்கிறார்கள்.

இன்று பழைய எஞ்சின் சந்தைகளில் மலிவாகக் கிடைப்பவற்றில் இந்த வகை நிறைய. 'ஓடவில்லை' என்று எழுதி ஒட்டியிருக்கும். அதை நம்பி மோட்டாரைப் பிரிக்கக் கூடாது. எஞ்சினை ஸ்பாஞ்சின்மேல் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கன்ட்ரோலரின் இரண்டு வயரையும் நேராக மோட்டாரின் பிரஷ் முனைகளில் வைக்க வேண்டும். விர்ரென்று சுற்றினால் மோட்டாரைப் பற்றிய கவலை தீர்ந்தது. பிறகு ஒரு வயரை டெண்டர் சக்கரத்தில் வைத்துக்கொண்டு, மற்றதை எஞ்சினின் சக்கரங்களில் ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். ஒன்றில் ஓடும், அடுத்ததில் இருமும், இன்னொன்றில் சத்தமே வராது. உண்மையில் எத்தனை சக்கரங்கள் உழைக்கின்றன என்பது அப்போதுதான் தெரியும். மல்டிமீட்டர் இருந்தால் சக்கரத்துக்கும் மோட்டார் முனைக்கும் நடுவே எத்தனை ஓம் என்று பார்த்துக்கொண்டே சக்கரத்தை விரலால் உருட்டலாம். எண் ஆடாமல் நின்றால் நல்லது. தாவிக் குதித்தால் அந்தப் பாதையில் எங்கோ களிம்பு ஏறியிருக்கிறது.

அந்தக் களிம்பு எங்கெங்கே ஒளியும் என்பதைப் பார்த்துப் பழக வேண்டும். பழைய எண்ணெய் காய்ந்து பழுப்புப் பிசினாகி, செம்புத் தகட்டோடு சேர்ந்து பச்சை பூத்திருக்கும். அச்சைச் சுற்றிக் கம்பளத்து நூலும் தலைமுடியும் இறுகியிருக்கும். சக்கரத்தின் ஓடுபரப்பில் கருப்பாக ஒரு பட்டை தெரியும். தொடர்பு விட்டு விட்டு வரும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத தீப்பொறி பறக்கிறது, அந்தச் சூட்டில் தண்டவாளத்து அழுக்கு கருகிச் சக்கரத்தில் ஒட்டுகிறது. கறை ஏற ஏறப் பொறி அதிகமாகும், பொறி அதிகமாக அதிகமாகக் கறை ஏறும். இதைச் சுரண்டிவிடலாம் என்று உப்புத்தாளையோ எஃகு நார்ச்சுருளையோ எடுக்கிறவர்களைத் தடுத்து நிறுத்தத் தோன்றும். உப்புத்தாள் போடும் கீறல்களில் அழுக்கு இன்னும் கெட்டியாக உட்காரும். எஃகு நார் ஒரு துணுக்கு உதிர்ந்தால்கூட மோட்டார் காந்தம் அதை இழுத்து வைத்துக்கொண்டு ஷார்ட் ஆக்கிவிடும். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி, கெட்டிக் கறைக்குப் பல்குத்தும் மரக்குச்சி. இவ்வளவுதான் வேண்டும், பொறுமைதான் அதிகம் வேண்டும்.

துடைத்த பிறகு பிக்கப் தகட்டின் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் உண்டு, வளைவில் திரும்ப அது வேண்டும். அச்சை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளிப் பார்த்தால் தகடு சக்கரத்தை விட்டு விலகுகிறதா என்பது தெரியும், மறுபக்கம் தள்ளியும் பார்க்க வேண்டும். விலகினால் சாமணத்தால் ஒரு மயிரிழை வளைத்தால் போதும். பயந்துபோய் அதிகம் வளைத்தால் அதுவே பிரேக் ஆகிச் சக்கரம் உருளாமல் வழுக்கும்.

இழுவைத் தகட்டு இணைப்பை நம்பவே வேண்டாம். மெல்லிய, நன்றாக வளையும் வயர் ஒன்றை எஞ்சினிலிருந்து டெண்டருக்கு நேராகச் சால்டர் செய்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது. மீதிக்கு, இதுவரை சும்மா உருண்டுகொண்டிருந்த சக்கரங்களை வேலைக்கு எடுக்க வேண்டும். செம்பு பூசிய சர்க்கியூட் போர்டில் ஒரு சின்னத் துண்டை அடிப்புறத்தில் ஒட்டி, அதில் 0.3 மில்லிமீட்டர் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியைச் சால்டர் செய்து, அதன் நுனி சக்கரத்தின் பின்புறத்தைத் தொட்டும் தொடாமலும் உரசும்படி வளைத்துவிடலாம். பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் உலோகச் சக்கரம் வாங்கி மாட்டிய பிறகு இதைச் செய்ய வேண்டும்.

சக்கரங்களின் எண்ணிக்கைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாலு கால் மேசை ஆடும். சட்டத்தில் அசையாமல் பொருத்திய ஆறு சக்கரமும் அப்படித்தான். சற்றே மேடுபள்ளமான பாதையில் சில சக்கரங்கள் எப்போதும் அந்தரத்தில்தான் இருக்கும். எந்தெந்தச் சக்கரம் என்பதும் கணத்துக்குக் கணம் மாறும். பிக்கப் இருக்கிற சக்கரமே அந்தரத்தில் இருந்தால் எஞ்சின் நின்றுவிடும். தண்டவாளம் பிரியும் இடத்தில் இன்னொரு கண்டமும் உண்டு. இரண்டு பாதை குறுக்கிடும் மூக்குப் பகுதியை பிளாஸ்டிக்கில் செய்திருந்தால் அங்கே மின்சாரமே கிடையாது. நீள எஞ்சின் தாண்டிவிடும், நாலு சக்கரக் குட்டி எஞ்சின் சரியாக அங்கே மாட்டிக்கொள்ளும். டெவனில் பீர் என்ற ஊரிலிருக்கும் பெக்கோ நிறுவனம் மூக்கிலும் மின்சாரம் வருகிற வகையை வெகுகாலமாகச் செய்கிறது. வயரிங் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் குட்டி எஞ்சின் வைத்திருப்பவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும்.

இப்போதைய எஞ்சின்கள் எப்படி? 1990-களின் நடுவில் ஹார்ன்பி உற்பத்தி சீனாவுக்குப் போகத் தொடங்கியது. 2000-இல் வந்த மெர்ச்சண்ட் நேவி எஞ்சினில் மோட்டார் மறுபடியும் எஞ்சினுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. இன்றைய நல்ல மாதிரிகளில் எல்லா இயக்கு சக்கரங்களுக்கும் இரு பக்கமும் பிக்கப், டெண்டர் சக்கரங்களுக்கும் பிக்கப், நடுவே வயரும் பிளக்கும். பழைய எஞ்சினுக்கு நாம் கஷ்டப்பட்டுச் செய்து கொடுப்பதெல்லாம் தொழிற்சாலையிலேயே செய்து வருகிறது. ஓட்டம் என்று பார்த்தால் இன்றையதுதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் திறந்து பார்ப்பது கடினம். மயிரிழை போன்ற கைப்பிடிக் கம்பிகள், எங்கே இருக்கிறது என்று தெரியாத கொக்கிகள், தலைமுடி கனமுள்ள வயர்கள். திறக்கிற வேகத்திலேயே எதையாவது முறித்துவிடலாம்.

பெரிய மாற்றம் டிசிசி என்கிற டிஜிட்டல் கட்டளைக் கட்டுப்பாடு. அன்று தண்டவாளத்தில் இருந்த வோல்ட்தான் வேகம்: கூட்டினால் ஓடும், குறைத்தால் மெதுவாகப் போகும். இன்று தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், கட்டளைகளும் அதிலேயே கலந்து வரும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் பிடித்து மோட்டாரை, விளக்கை, சத்தத்தை இயக்கும். பழைய மோட்டாருக்கு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் மின்சாரம் நின்றுபோனால் தெரியவே தெரியாது, சுற்றிய வேகத்திலேயே தாண்டிவிடும். டிகோடருக்கு அதுவே மயக்கம். நினைவு தவறி, முதலிலிருந்து விழித்துக்கொள்ளும். பாதி வழியில் ஓடுகிற எஞ்சின் திடீரென்று கொட்டகையில் கரி போடுகிற சத்தத்திலிருந்து ஆரம்பிக்கும். அன்று யாரும் கவனிக்காத அழுக்கு இன்று ஊர் முழுக்கக் கேட்கிறது.

இதற்கென்று வந்ததுதான் ஸ்டே அலைவ். டிகோடரோடு சில சூப்பர் கெபாசிட்டர்களை இணைத்துவிட்டால், தொடர்பு விட்டுப்போகும் நேரத்தில் அதில் சேமித்த மின்சாரம் கைகொடுக்கும். ஒவ்வொன்றும் 2.7 வோல்ட் தாங்கும் என்றால் ஆறை வரிசையாகக் கோத்து 16.2 வோல்ட்டுக்குத் தயார் செய்வார்கள். காலியாக இருக்கும்போது ஒரே மூச்சில் மின்சாரத்தை உறிஞ்சாமலிருக்க ஒரு ரெசிஸ்டரும் டையோடும் சேர்ப்பார்கள். அருமையான ஏற்பாடு, நான் எதிரியல்ல. ஆனால் பிக்கப்பைத் தொடாமல் இதை மட்டும் வைத்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்பது எனக்குப் பிடிக்கவில்லை. எஞ்சின் நிற்காது, ஆனால் ஒவ்வொரு இடைவெளியிலும் பொறி பறந்துகொண்டே இருக்கும், சக்கரம் கருத்துக்கொண்டே போகும். சோற்றுக்கு வழியில்லாதவருக்கு வலிமாத்திரை கொடுத்த கதைதான். அத்தனை சக்கரமும் மின்சாரம் எடுக்கும்படி செய்த பிறகு கெபாசிட்டரை வையுங்கள், அப்போது அதற்கு வேலையே குறைவாக இருக்கும், ஆயுளும் கூடும்.

பழைய வைத்தியங்கள் எல்லாமே இன்றைக்கு ஒத்துவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரெல்கோ என்று ஒரு பெட்டி அந்தக் காலத்தில் பிரபலம். தொடர்பு விட்டுப்போன கணத்தில் உயர் அதிர்வெண் மின்சாரத்தை அனுப்பி அழுக்கைத் துளைத்துவிடும். சாதாரண 12 வோல்ட் பாதையில் நல்ல பலன் தந்தது. டிசிசி பாதையில் அதை மாட்டவே கூடாது, டிகோடரைப் பொசுக்கிவிடும். தண்டவாளத்தைத் தேய்க்கும் சொரசொரப்பான ரப்பர் கட்டை இன்னும் கிடைக்கிறது. அவசரத்துக்குச் சரி, அடிக்கடி தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும். துடைத்து முடித்த தண்டவாளத்தின்மேல் மென்மையான பென்சில் கரியால் லேசாக ஒரு கோடு இழுப்பது பொறியைக் குறைக்கிறது என்று பலர் நம்பிச் செய்கிறார்கள். நானும் செய்கிறேன். அதிகமானால் சக்கரம் வழுக்கும், ஏற்றத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எக்ஸ்ஓ4 மாதிரி பழைய மோட்டாருக்கு டிகோடர் வைக்க விரும்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மோட்டாரில் ஒரு பிரஷ், வார்ப்புச் சட்டத்தோடு நேராக ஒட்டியிருக்கிறது. ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் சட்டம் வழியாக அப்படித்தான் மோட்டாருக்குப் போகும் என்று முன்பே பார்த்தோம். அன்று அது ஒரு வயரை மிச்சப்படுத்திய புத்திசாலித்தனம். இன்று அதே இணைப்பு இருக்கும்போது டிகோடரை மாட்டினால், மின்சாரம் போட்ட உடனே டிகோடர் புகைந்துவிடும். எனவே இரண்டு பிரஷ்களையும் சட்டத்திலிருந்து பிரித்தாக வேண்டும். ஸ்பிரிங்கின் ஒரு காலில் ஏற்கெனவே ஒரு சின்னக் காப்புக் குழாய் இருக்கும், மறு காலுக்கும் அதே மாதிரி ஒன்று மாட்டி, பிரஷ் உட்காரும் இடத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே காப்பு வைத்து, இரண்டு பிரஷ்ஷுக்கும் தனித்தனி வயர் எடுக்க வேண்டும். பிறகு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையைச் சட்டத்திலும் மற்றதை ஒவ்வொரு பிரஷ்ஷிலும் தொட்டுப் பார்க்க வேண்டும். மோட்டாரைக் கையால் சுற்றிக்கொண்டே பார்க்க வேண்டும், சில நேரம் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் உரசும். மீட்டர் ஒருமுறைகூடப் பீப் அடிக்கவில்லை என்றால் டிகோடரை உறையிலிருந்து எடுக்கலாம்.